ஃப்ரேமாவின் பின்னால் போன தோப்பு

ஃப்ரேமா தன் கணவன் நிமாக்கோவின் வீட்டை விட்டு ஓடுமாசேயில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போன வியாழக்கிழமை, அவள் நட்டு வளர்த்த கோகோத் தோப்பும் வேரைப் பிடுங்கிக்கொண்டு அவள் பின்னால் போனது. எங்கள் பெபியன்சுவில் வியாழக்கிழமை மண்ணுக்கு ஓய்வு நாள், யாரும் அரிவாளோ மண்வெட்டியோ தொடமாட்டார்கள். அதனால் எல்லோரும் வீட்டிலிருந்தார்கள், எல்லோரும் பார்த்தார்கள். மரங்கள் அவசரப்படவில்லை. நிறைமாதக்காரிகளைப் போல அடிமேல் அடி வைத்து, செம்மண் சாலையின் ஓரமாக ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. ஓடையைக் கடக்கும்போது, பெண்கள் துணியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொள்வதுபோல வேர்களைத் தூக்கிக்கொண்டன. எதிரே வந்த, மரத்தடி ஏற்றிய லாரி நின்றது. ஓட்டுநர் இரண்டுமுறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, இறங்கி, சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றார். வழியில் உதிர்ந்த காய்களைப் பிள்ளைகள் உடைத்து, கொட்டையைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சதையைச் சப்பினார்கள். அது திருட்டு ஆகுமா என்று ஊரில் பிறகு பேச்சு வந்தது, ஆகாது என்று முடிவானது. தலையில் துணிமூட்டையோடு முன்னால் போய்க்கொண்டிருந்த ஃப்ரேமா, பின்னால் கேட்ட சலசலப்பை மழை என்று நினைத்தாள். ஓடை தாண்டி மேடேறும்போதுதான் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மூட்டையைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, மறுபடி நடந்தாள்.

அந்தத் தோப்பு உண்டானது இப்படித்தான். நிமாக்கோவும் ஃப்ரேமாவும் கல்யாணமான புதிதில், வெறும் காடாக இருந்த இந்தப் பக்கம் வந்தார்கள். காட்டை வெட்டியது நிமாக்கோ. வெட்டிய இடத்தில் வாழையும் சேம்பும் வைத்து, அவற்றின் நிழலில் கோகோ விதையை ஊன்றி, களை பறித்து, ஓடைத் தண்ணீரைத் தலையில் சுமந்து ஊற்றியது ஃப்ரேமா. மரம் காய்த்ததும் சாட்சி வைத்துத் தோப்பை உன் பேருக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று நிமாக்கோ சொல்லியிருந்தான். அப்படிக் கொடுத்தால்தான் உண்டு. எங்கள் வழக்கத்தில் ஒருவனின் சொத்து அவன் அக்கா தங்கையின் பிள்ளைக்குப் போகும், பெண்டாட்டி வெறுங்கையோடு கிளம்பவேண்டும். மரம் காய்த்தது. அடுத்த அறுவடைக்குப் பார்க்கலாம் என்றான். அதற்கடுத்த அறுவடைக்கும் அதையே சொன்னான். இரண்டு பெண்கள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி கும்மாசி நகரத்துக்குப் போனார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. அதற்கு மறுவருடம் அவன் அஜேவாவை இரண்டாம் பெண்டாட்டியாகக் கொண்டுவந்தான்.

எங்கள் மொழியில் சக்களத்தியைக் குறிக்கும் சொல்லுக்குப் பொறாமை என்றும் பொருள் உண்டு. அதனால் ஃப்ரேமாவுக்கு வந்தது என்னவென்று யாரும் தனியாகப் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண் கெட்டவளாக இருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அஜேவா வந்த அன்றே பெரியவள் காலடியில் உட்கார்ந்து அக்கா என்று கூப்பிட்டாள். விறகு கொண்டுவந்தால் பாதியை ஃப்ரேமாவின் சமையற்கட்டு வாசலில் வைத்தாள். நிமாக்கோ ஒருவாரம் இவளிடம், ஒருவாரம் அவளிடம் என்று கணக்காக இருந்தான். அறுவடை முடிந்து துணி எடுத்தபோது இருவருக்கும் ஒரே துணி எடுத்தான். ஃப்ரேமா தன்னுடையதை முழம்போட்டுப் பார்த்தாள். அஜேவா குளிக்கப் போன சமயம் அவளுடையதையும் முழம்போட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒரே நீளம். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. காட்டில் பாம்புக்கு நடுவே விதை ஊன்றியவளுக்கும், நேற்று வந்து வாசல் பெருக்கியவளுக்கும் ஒரே நீளம். அந்த வாரத்திலிருந்து அவள் காது கூர்மையாயிற்று. முதலில் முற்றத்தின் அந்தக் கோடியில் அஜேவா உலக்கை போடும் சத்தத்தில் எத்தனை பேருக்கு ஃபுஃபு களி இடிக்கிறாள் என்று தெரிந்தது. பிறகு அவள் துணி மடிப்பது கேட்டது. மழைக்காலம் தொடங்கும்போது, அவள் சத்தமில்லாமல் சிரிப்பதும் கேட்டது. ஃப்ரேமா காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நடமாடியதை ஊரில் பலர் பார்த்திருக்கிறார்கள்.

அதற்கு அடுத்த வருடம் அஜேவா கர்ப்பமானாள். நிமாக்கோ சந்தோஷத்தில் அவளுடைய மாமனை வரவழைத்து, இரண்டு சாட்சிகளை உட்காரவைத்து, ஜின் சாராயம் ஊற்றி, தோப்பின் மேட்டுப்பக்கத்தை அவளுக்குக் கொடுத்தான். அஜேவாவின் மாமன் வழக்கப்படி ஓர் ஆட்டைக் கட்டி நன்றி சொன்னான். ஃப்ரேமா அன்று சந்தைக்குப் போயிருந்தாள். திரும்பி வரும்போது ஊர் எல்லையிலேயே அவள் காதில் எல்லாம் விழுந்துவிட்டது. முற்றத்துக்கு வந்து கூடையை இறக்கி வைத்தாள்.

"மேட்டுப்பக்கம் யாரு நட்டது?" என்று கேட்டாள்.

"நீதான் நட்ட. யாரு இல்லேன்னது?" என்றான் நிமாக்கோ.

"அப்போ எப்படி அவளுக்குக் குடுத்தீங்க?"

"நிலம் என்னோடது. என் நிலத்த நான் யாருக்கு வேணா குடுப்பேன்."

"சரி. நிலத்த வச்சுக்கோ" என்றாள். அவள் அவனை மரியாதை இல்லாமல் பேசியது அதுதான் முதல்முறை. மறுநாள் வியாழன்.

ஓடுமாசேயில் அவள் தம்பி தாவியாவின் வீட்டுக்குப் பின்னால் தரிசு கிடந்தது. மரங்கள் அதில் இறங்கி, அவரவர் இடம் பிடித்து, விடிவதற்குள் வேர் ஊன்றிவிட்டன. அடிமரத்தில் ஒட்டியிருந்த பூக்களில் ஒன்றுகூட உதிரவில்லை. தாவியா வழியில் தன் மரவள்ளி மிதிபட்டதைப் பற்றி ஒரு மாதம் புலம்பினான், முதல் அறுவடையில் தன் பங்கைப் பார்த்தபின் நிறுத்திக்கொண்டான். விவசாய அதிகாரி ஒருவர் சைக்கிளில் வந்து, இதெல்லாம் நடக்கிற காரியமில்லை என்று விளக்கிவிட்டு, மரங்களுக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டுப் போனார். ஆனால் இரண்டு ஊரிலும் குடும்பங்கள் கலங்கித்தான் போயின. பெபியன்சுவில் நான்கைந்து பெண்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிப் பார்த்தார்கள். ஒருத்தியின் பின்னால் ஆடு வந்தது. ஒருத்தியின் பின்னால் கடன்காரன் வந்தான். மற்றவர்கள் ஓடைவரை போய்த் திரும்பிப் பார்த்து, ஒன்றும் வராததைக் கண்டு, தண்ணீர் எடுக்க வந்ததுபோல முகத்தைக் கழுவிக்கொண்டு வீடு திரும்பினார்கள். ஃப்ரேமாவைப் பற்றி நல்லதாக அவர்கள் பிறகு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆண்கள் அந்த வருடம் பெண்டாட்டிகளிடம் மிகவும் பணிவாக இருந்தார்கள். ஒருவன் தன் தோப்பிலேயே படுத்து, மரத்தைக் கட்டிப்பிடித்துத் தூங்கினான்.

நிமாக்கோ ஓடுமாசேயின் ஊர்த்தலைவரிடம் வழக்குக் கொண்டுபோனான். தலைவர் குடையின் கீழ் உட்கார்ந்திருந்தார். அவர் மெதுவாகச் சொல்வதை அவருடைய வாக்குரைப்பவர் எழுந்து நின்று உரக்கச் சொன்னார்.

"தலைவர் கேக்கறாரு, இந்தம்மா மரங்களக் கூப்பிட்டாங்களா?"

இல்லை என்று நிமாக்கோவே ஒத்துக்கொண்டான்.

"கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்களா?"

அதுவும் இல்லை.

"அப்போ தானா வந்திருக்கு. கூட்டிட்டுப் போக முடிஞ்சா கூட்டிட்டுப் போங்க. ஓடுமாசே குறுக்க நிக்காது."

நிமாக்கோ ஆள் கூட்டிவந்தான். கயிறு கட்டி இழுத்தார்கள், கயிறு அறுந்தது. பிறகு ஆட்களை அனுப்பிவிட்டுத் தனியாக நின்று நயமாகப் பேசிப் பார்த்தான், கெஞ்சினான், பின்பு திட்டினான். மரங்கள் காற்றுக்கு அசைந்தன, அவ்வளவுதான். அன்றிலிருந்து அவனுக்கு ஒரு பழக்கம் வந்தது. எங்கே போனாலும் பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். எதுவும் அவன் பின்னால் வந்ததில்லை. கல்லறை போய்ச் சேரும்வரை அவன் கழுத்து ஒருபக்கம் திரும்பியே இருந்தது.

ஃப்ரேமா ஜெயித்துவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கு மட்டும் தெரியும், தோப்பு முழுதாக வரவில்லை என்று. பெற்றவளைப்போல ஒவ்வொரு மரத்தையும் அவள் அறிவாள். மேட்டுப்பக்கத்தில் கடைசியாக நட்ட இளமரங்கள் கொஞ்சம் காணவில்லை. சின்னவை, மெதுவாக வருகின்றன என்று நினைத்து, தினமும் சாலையோரம் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். மாதங்கள் போயின. கணவனைவிட்டு வந்ததற்கு அழாதவள் அந்த முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். வந்து சேர்ந்த நல்ல மரங்களை அவள் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. அவை கீழ்க்கிளைகளைத் தாழ்த்தி அவள் தோளைத் தொட்டபோது தட்டிவிட்டாள். ஒருநாள், அரைநாள் நடைதூரத்துக்கு அப்பால், மரத்தின் அடியில் யாரோ தண்ணீர் ஊற்றும் சத்தம் அவள் காதில் விழுந்தது. யார் என்று அவளுக்குத் தெரிந்தது. முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்து பெபியன்சுவுக்கு நடந்தாள்.

பழைய தோப்பு இருந்த இடம் பல் பிடுங்கிய ஈறுபோலக் குழிகுழியாகக் கிடந்தது. மேட்டில் மட்டும் ஒரு சின்னக் கூட்டமாக மரங்கள் நின்றன. அஜேவா முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு களை வெட்டிக்கொண்டிருந்தாள். ஆளைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்தாள்.

"வாங்கக்கா. தண்ணி குடிக்கிறீங்களா?"

வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதும், அதை வாங்கிக் குடிப்பதும் எங்களிடம் மரியாதை. ஃப்ரேமா சொம்பைத் தொடவில்லை.

"இதுங்கள என்னடி செஞ்ச?"

"தண்ணி ஊத்தினேன்."

"எப்போ?"

"நீங்க பெரிய பொண்ணு பிரசவத்துக்குப் போயிருந்தீங்களே, அந்த வறண்ட ஹர்மட்டான் காத்துல. மேட்டுல இருந்த சின்ன மரமெல்லாம் இலை சுருண்டு போச்சு. ஓடையிலேருந்து சுமந்து ஊத்தினேன். அவருக்குக்கூடத் தெரியாது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா பிடுங்கிப் போட்டிருப்பீங்க."

ஃப்ரேமா அதை மறுக்கவில்லை. ஒரு மரத்தருகே போய் அதன் பட்டையில் கையை வைத்தாள். அது தன்னுடைய மரம், தன் கையால் ஊன்றிய விதை. மரம் நடுங்கியது. ஒரு வேரை மண்ணிலிருந்து எடுத்து அவள் பக்கமாக வைத்தது. பிறகு அஜேவா நின்ற பக்கம் திரும்பியது. அப்புறம் அந்த வேரைக் காற்றில் தூக்கியபடியே, எந்தப் பக்கமும் வைக்காமல் நின்றுவிட்டது.

"நீ தண்ணி ஊத்தலேன்னா இதுங்க செத்திருக்கும்" என்றாள் ஃப்ரேமா. "செத்திருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்."

அஜேவா முதுகுப்பிள்ளையை ஒருமுறை தூக்கிச் சரிசெய்துகொண்டாள். "எங்கம்மா வீட்டுலேருந்து நான் வரும்போது எம்பின்னால ஒரு கோழிகூட வரலக்கா. உங்க பின்னால இவ்வளவும் போச்சு. நான் வாசல்ல நின்னு பாத்தேன். பாத்துட்டு உள்ள போய்க் கட்டியிருந்த புதுத்துணியக் கிழிச்சுப் போட்டேன். உங்களுக்கும் எடுத்தாரே, அதே துணி." அரிவாளை எடுத்துக்கொண்டு, "போகணும்னா போகட்டும், நான் தடுக்கல" என்றாள்.

மரங்கள் போகவில்லை. ஃப்ரேமா தண்ணீர் குடிக்காமலே திரும்பி நடந்தாள். ஆனால் அந்தத் துணி கிழிந்த செய்தி அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்றும், வழியில் அவள் ஒருமுறை சிரித்ததாகவும் ஓடையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள்.

ஏழெட்டு வருடங்கள் இப்படிப் போயின. கோகோ விலை ஏறியது, இறங்கியது. அரசாங்கம் ஒன்று போய் இன்னொன்று வந்தது. நிமாக்கோ குழிகளில் மரவள்ளி போட்டான், அது சரியாக வரவில்லை. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். ஃப்ரேமா சாவுக்கு வந்தாள், துக்கத்துக்குச் சிவப்புத் துணி கட்டி, ஒரு விதவை செய்யவேண்டியதையெல்லாம் செய்துவிட்டு, அஜேவாவோடு ஒரு வார்த்தையும் பேசாமல் போனாள். சொத்து அவன் தங்கை மகன் போவாச்சிக்கு வந்தது. போவாச்சி நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த கையோடு அஜேவாவைக் கூப்பிட்டு வீட்டைக் காலிசெய்யச் சொன்னான். மேட்டுப்பக்கம் தனக்குக் கொடுக்கப்பட்டது என்று அவள் சொன்னாள். சாட்சிகளில் ஒருவர் செத்திருந்தார். மற்றவருக்கு ஜின் குடித்தது நினைவிருந்தது, எதற்காகக் குடித்தார் என்பது மறந்துவிட்டது.

"மாமா உனக்கு மரத்தத்தானே குடுத்தாரு?" என்றான் போவாச்சி, சுற்றி நின்றவர்கள் சிரிப்பதற்காக. "நிலம் எங்க குடும்பத்தோடது. மரத்த வேணா எடுத்துட்டுப் போ."

அஜேவா சரி என்று சொல்லி, பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். மேட்டில் இருந்த மரங்கள் இறங்கிவந்து அவள் பின்னால் சேர்ந்துகொண்டன. போவாச்சியின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. ஊர் இந்தமுறை அவ்வளவாக ஆச்சரியப்படவில்லை. முன்பு பார்த்ததுதானே என்று சிலர் வாசலுக்குக்கூட வரவில்லை.

அவளுடைய தாய்வீடு வடக்கே மிகவும் தள்ளி, கோகோ விளையாத வறண்ட பக்கம். சாலை ஓடுமாசே வழியாகத்தான் போகிறது. ஃப்ரேமாவுக்கு அவர்கள் கிளம்பியதுமே காதில் கேட்டுவிட்டது. சாலைக்கு வந்து நடுவில் நின்றாள். அவளுக்கு இப்போது தலை நரைத்திருந்தது. அஜேவா பத்தடி தள்ளி நின்றாள், அவளுக்குப் பின்னால் மரங்களும் நின்றன. ஃப்ரேமா அவளைத் தாண்டி மரங்களைத்தான் பார்த்தாள். எல்லாம் அகலமாக வளர்ந்திருந்தன. அடிமரத்தில் வரிசையாகக் காய் தொங்கியது. தன்னுடைய மரங்களில் எதுவும் அந்த வருடம் அப்படிக் காய்க்கவில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது. அது முகத்திலேயே தெரிந்தது என்று தாவியா பிறகு சொன்னான். தன் அக்கா அந்தப் பெண்ணை அடித்துவிடுவாள் என்று பயந்து பக்கத்தில் போய் நின்றானாம்.

"எங்க போற?"

"எங்கம்மா ஊருக்கு."

"அங்க இதுங்க எப்படிப் பொழைக்கும்? மழையே கிடையாது."

"தண்ணி சுமப்பேன்."

"நீ சுமப்ப" என்றாள் ஃப்ரேமா, கசப்பாக. பிறகு முன்னால் நின்ற மரத்தின் வேர்களைக் குனிந்து பார்த்தாள். சாலைக் கல் பட்டு நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. "இவ்வளவு தூரம் நடக்கவச்சிருக்கியே, கால் வலிக்காதா இதுங்களுக்கு? அறிவிருக்கா உனக்கு?"

அஜேவா மகனை அருகில் இழுத்துக்கொண்டாள்.

"மரத்துக்காகத்தான் சொல்றேன்" என்றாள் ஃப்ரேமா. "உனக்காக இல்ல. பின்னால இடம் இருக்கு."

தாவியா மறுபடி மரவள்ளியைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்துவிட்டு அடங்கிவிட்டான். வீட்டுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, அஜேவாவுக்கு ஓர் அறை கட்டினார்கள்.

அவர்கள் நெருங்கிவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். பதினைந்து வருடங்களுக்கு மேல் அந்த ஒரே இடத்தில் இருந்து, ஒருநாள்கூட ஒரே சட்டியில் சாப்பிட்டதில்லை. மரங்கள் எல்லாம் கலந்து நின்றன. சிலது ஃப்ரேமாவின் பக்கம், சிலது அஜேவாவின் பக்கம், சிலது இரண்டுக்கும் நடுவில். விடியற்காலையில் எழுந்ததும் இருவரும் முதலில் செய்யும் வேலை, எது எந்தப் பக்கம் இடம் மாறியிருக்கிறது என்று பார்ப்பதுதான். அஜேவா ஒரு மரத்துக்கு ஒட்டுண்ணிச் செடியை வெட்டிவிட்டால், ஃப்ரேமா அன்றே ஏணி வைத்து இரண்டு மரத்துக்கு வெட்டுவாள். இவள் ஒருதடவை களை எடுத்தால் அவள் இரண்டு தடவை எடுப்பாள். வாழையிலை போட்டுக் கொட்டையைப் புளிக்க வைப்பதிலிருந்து, மூங்கில் தட்டியில் காயப்போட்டுத் திருப்பிவிடுவதுவரை ஒருத்தியை ஒருத்தி ஓரக்கண்ணால் பார்த்தபடியே செய்தார்கள். ஒருத்தி மழை வாசனை கண்டு தட்டியை மூடினால் மற்றவளும் ஓடிப்போய் மூடினாள். அதனாலேயே ஓடுமாசேயில் அவர்களுடைய கொட்டை மட்டும் ஒருவருடமும் பூஞ்சை பிடித்ததில்லை. கொட்டை வாங்கும் கிளார்க் யாருடையதை முதலில் நிறுக்கிறார் என்பதில் மூன்றுமுறை பெரிய சண்டை நடந்து, கடைசியில் அவர் இரண்டு தராசு கொண்டுவந்தார்.

ஃப்ரேமா வயதாகி, ஒரு சனிக்கிழமை மதியம், அஜேவாவின் பக்கம் போயிருந்த ஒரு மரத்தைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்து, அப்படியே இறந்துபோனாள். கும்மாசியிலிருந்து மகள்கள் இருவரும் வந்து அழுது, அடக்கம் செய்து, துணிகளையும் பாத்திரங்களையும் பிரித்துக்கொண்டார்கள். மரங்களை என்ன செய்வது என்று தாவியா கேட்டதற்கு, அவை வளர்ந்த மரங்கள், அவற்றுக்கே தெரியும் என்று மூத்தவள் சொன்னாள். மரங்கள் இடுகாட்டுக்குப் போகும் என்று எதிர்பார்த்து ஊரில் பலர் சாலையோரம் காத்திருந்தார்கள். போகவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் விடிந்தபோது தோப்பு மொத்தமும், ஃப்ரேமாவைப் பிரிந்து ஒருநாளும் நகராதவை உட்பட, அஜேவாவின் அறையைச் சுற்றி நெருக்கமாக நின்றது. கதவைத் திறக்கக்கூட இடமில்லை. அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தாள்.

"அவ போனப்புறந்தான் என் ஞாபகம் வந்துச்சா?" என்றாள். "அவ இருந்திருந்தா வந்திருப்பீங்களா?"

மரங்கள் அசையாமல் நின்றன. அவள் ஜன்னலைச் சாத்திவிட்டாள். ஒருவாரம் அவள் அவற்றின் பக்கம் திரும்பவில்லை. மகன்தான் இரண்டு கிளைகளை வளைத்துப் பிடித்து அவளுக்கு வழிவிட்டான். அவள் குனிந்து வெளியே வருவாள், தலை நிமிராமல் சந்தைக்குப் போவாள், வருவாள். எட்டாம் நாள் ஃப்ரேமாவின் மரங்களில் காய்கள் மஞ்சளாகி, சில உச்சியில் கருக்கத் தொடங்கின. செத்தவள் மேல் இருந்த கோபம் அஜேவாவுக்குத் தீரவில்லை. அதை அவள் யாரிடமும் மறைக்கவுமில்லை. ஆனால் பழுத்த காயை மரத்தில் விடமுடியாது. அவள் கொக்கி கட்டிய நீளக்கழியை எடுத்துக்கொண்டு வந்து, முதல் மரத்தின் அடியில் நின்று, எதைத் தொட்டால் அது ஃப்ரேமாவுக்காக அழும் என்று கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, அறுக்கத் தொடங்கினாள். அந்த வருடம் காய்ப்பு நன்றாக இருந்தது.